பெயர் சொல்லி எழுதிய புவாலோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவாலோ யார்?

பதினான்காம் லூயி ஆண்ட காலத்துப் பிரெஞ்சுக் கவிஞர், இலக்கியத் திறனாய்வாளர். முழுப்பெயர் நிக்கொலா புவாலோ-தெப்ரெயோ. 1636 நவம்பர் 1 அன்று பாரிஸில் பிறந்தார். 1711 மார்ச் 13 அன்று அதே நகரில் இறந்தார். பன்னிரண்டு அங்கதப் பாடல்கள், பன்னிரண்டு மடல் கவிதைகள், ‘கவிதைக் கலை’ என்ற செய்யுள் நூல், ‘வாசக மேடை’ என்ற நகைச்சுவைக் காப்பியம், கிரேக்கத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு ஆகியவைதான் அவருடைய முதன்மையான படைப்புகள். எழுபத்து நான்கு ஆண்டு வாழ்ந்தவருக்கு இது குறைவு.

கவிதைக்குச் சட்டம் எழுதியவர் என்றே பாடப்புத்தகங்கள் அவரைக் காட்டும். கையில் பிரம்போடு நிற்கும் ஆசிரியரைப் போன்ற ஓர் உருவம் நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சித்திரத்தில் உடன்பாடில்லை. புவாலோவின் பெருமை அவர் வகுத்த விதிகளில் இல்லை, அவர் வாசித்த விதத்தில் இருக்கிறது. ஊரே யாரையோ தூக்கிவைத்துக் கொண்டாடிய நாளில், நாடகாசிரியர்களான மொலியேரும் ரசீனும்தான் காலத்தைத் தாண்டி நிற்பார்கள் என்று கண்டுகொண்டு, அதைத் துணிந்து எழுதியவர் அவர்.

குடும்பமும் பிள்ளைப் பருவமும் எப்படி இருந்தன?

தந்தை ழில் புவாலோ, பாரிஸின் உயர் நீதிமன்றமான பார்லமானில் எழுத்தர். நிக்கொலா அவருக்குப் பதினைந்தாவது பிள்ளை. நீதிமன்றம் இருந்த அரண்மனை வளாகத்தை ஒட்டியே வீடு. வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள், புத்தகக் கடைக்காரர்கள், பாதிரியார்கள் என்று எந்நேரமும் வாய்ச்சண்டை ஓயாத இடம் அது. பின்னாளில் அவர் எழுதியவற்றில் அந்த வளாகத்தின் இரைச்சல் தொடர்ந்து கேட்கும்.

இரண்டு வயதில் தாயை இழந்தார். சிறுவயதிலேயே சிறுநீர்ப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். அதன் உபாதை ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன்மாரும் எழுத்துக்காரர்களே: மூத்தவர் ழில் 1659இலேயே பிரெஞ்சு அகாதெமியில் உறுப்பினரானார், ழாக் சொர்போனில் இறையியல் அறிஞர்.

சட்டம் படித்தவர் ஏன் கவிஞரானார்?

முதலில் அவரைக் குருத்துவத்துக்கு அனுப்ப நினைத்தார்கள், இறையியல் ஒட்டவில்லை. பிறகு சட்டம் படித்து 1656இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அதுவும் ஒட்டவில்லை. 1657இல் தந்தை இறந்தபோது, சிக்கனமாக வாழப் போதுமான சொத்து பங்காகக் கிடைத்தது. அன்றோடு தொழிலை விட்டுவிட்டார்.

இந்தச் சிறு சொத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அக்காலத்து எழுத்தாளர்களில் பெரும்பாலோர் ஒரு பிரபுவின் வீட்டுச் சோற்றையோ அரசு மானியத்தையோ நம்பியிருந்தார்கள். புவாலோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாயைத் திறந்தால் வயிற்றில் அடி விழும் என்ற பயம் இல்லாததால்தான் அவரால் பெயர் சொல்லி எழுத முடிந்தது.

அங்கதப் பாடல்களில் யாரைத் தாக்கினார்? அவை ஏன் அத்தனை பகையைக் கிளப்பின?

முதல் ஏழு பாடல்கள் 1666இல் நூலாக வந்தன. அவருடைய அனுமதியில்லாமல் பிழைகள் மலிந்த திருட்டுப் பதிப்பு ஒன்று அதற்குமுன் வெளிவந்திருந்தது. அதை முறியடிக்கவே அவர் தம் பதிப்பைக் கொண்டுவந்தார். 1668இல் மேலும் இரண்டு சேர்ந்தன.

பொதுவாக ‘கெட்ட கவிஞர்கள்’ என்று திட்டினால் யாருக்கும் கோபம் வராது, எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். புவாலோ அப்படிச் செய்யவில்லை. “பூனையைப் பூனை என்பேன், ரொலேயைப் போக்கிரி என்பேன்” என்று முதல் பாடலிலேயே அறிவித்துவிட்டார். ரொலே நீதிமன்ற வட்டாரத்தில் பெயர் கெட்டுப்போன ஒரு நிஜ மனிதர்.

முதன்மையான இலக்கு ழான் ஷாப்லேன். இன்று அவரை யாரும் படிப்பதில்லை. அன்று அவர் இலக்கிய உலகின் பெரிய அதிகாரம். எந்த எழுத்தாளருக்கு அரச மானியம் கொடுக்கலாம் என்று அமைச்சர் கொல்பேருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர். ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி அவர் காப்பியம் எழுதுகிறார் என்று பாரிஸ் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. 1656இல் முதல் பன்னிரண்டு காண்டங்கள் வந்தபோது படித்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், ஆனால் வெளியே சொல்லத் தயங்கினார்கள். புவாலோ சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

அருட்தந்தை கொத்தேன் இன்னொரு இலக்கு. மூன்றாம் பாடலில் ஒரு விருந்து வருகிறது. இடித்துப்பிடித்து உட்கார வேண்டிய நெரிசல். கொத்தேனின் மறையுரைக்குப் போனால் தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாமே என்று அங்கே ஒரு வரி. அவ்வளவுதான், கொத்தேன் கொதித்தெழுந்து பதில் எழுதினார். புவாலோ ஒன்பதாம் பாடலில் அவர் பெயரை மேலும் மேலும் இழுத்தார். 1672இல் மொலியேரும் தம் நாடகமொன்றில் அவரைத் திரிசொத்தேன் என்ற பாத்திரமாக மேடையேற்றிவிட்டார்.

நாடகக் கவிஞர் கினோவுக்கு விழுந்த அடி இன்னும் சுருக்கமானது. எதுகைக்குச் சொல் தேடும் துன்பத்தை மொலியேரிடம் புலம்பும் இரண்டாம் பாடலில், “அறிவு வர்ஜில் என்கிறது, எதுகை கினோ என்கிறது” என்று, ரோமின் மகாகவிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, ஒரே அடியில் முடித்துவிடுகிறார்.

ஆட்களைப் பெயர் சொல்லித் தாக்குவது நியாயமா? அவர் அதற்கு என்ன பதில் சொன்னார்?

பதில் முழுவதும் ஒன்பதாம் பாடலில் இருக்கிறது; புவாலோவின் அங்கதங்களில் ஒன்றே ஒன்று படிக்க முடியுமென்றால் அதைத்தான் படிக்கச் சொல்வேன். தம் மனத்தையே முன்னால் நிறுத்திக் கடிந்துகொள்வதுபோல் எழுதியிருக்கிறார். அதில் வாதம் இப்படிப் போகிறது: பதினைந்து சூ காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிய குமாஸ்தா, அரங்கில் நின்றுகொண்டு நாடகாசிரியர் கொர்னெயின் ‘அத்திலா’வைக் கூச்சலிட்டுக் குறை சொல்லலாம். அப்படியிருக்க, காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவன் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாதா? அச்சிட்டு விற்ற எழுத்தாளன் வாசகனின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன்.

அதே பாடலில் ஷாப்லேனின் நேர்மை, நாணயம், நல்ல குணம் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறார். அந்த மனிதரைப் புகழுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். அவருடைய எழுத்தை முன்மாதிரி என்று காட்டினால்தான் எனக்குப் பித்தம் தலைக்கேறுகிறது என்கிறார். மனிதர் வேறு, எழுத்து வேறு என்று இத்தனை தெளிவாகக் கோடு கிழித்த திறனாய்வாளர்கள் அன்று அரிது.

ஆனால் அந்தக் கோட்டை அவரே சில இடங்களில் மீறினார். கந்தல் உடுத்தி, முதுகுவரை சேறு படிய, சமையலறை சமையலறையாகச் சோறு தேடி அலைபவர் என்று கொல்தே என்ற கவிஞரைக் கேலி செய்தது அநியாயம். வறுமை இலக்கியக் குற்றம் அன்று. தந்தை சொத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியது படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. கினோ விஷயத்தில் பின்னாளில் இறங்கிவந்தார். இசைக்கேற்ற பாடல் எழுதுவதில் அவருக்குத் தனித் திறமை உண்டு என்று 1683ஆம் ஆண்டு முன்னுரையில் எழுதினார். இசையமைப்பாளர் லல்லியின் இசைநாடகங்களுக்குக் கினோ எழுதிய வரிகள் இன்றும் மேடையில் பாடப்படுகின்றன.

‘கவிதைக் கலை’யில் என்ன இருக்கிறது? விதிகளை உருவாக்கியவர் அவர்தானா?

1674இல் வெளிவந்தது. நான்கு காண்டங்கள், சுமார் 1100 அடிகள், அனைத்தும் அலெக்சாந்திரேன் எனப்படும் பன்னிரண்டு அசை யாப்பில். முதல் காண்டம் எழுதும் ஒழுக்கத்தைப் பேசுகிறது; இரண்டாவது சிறு வடிவங்களை; மூன்றாவது துன்பியல், காப்பியம், இன்பியல்; நான்காவது கவிஞனின் நடத்தை.

விதிகளை அவர் உருவாக்கவில்லை. ஒரே இடம், ஒரே நாள், ஒரே செயல் என்ற நாடக நெறியைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் 1630களிலேயே அடித்துக்கொண்டார்கள். 1637இல் கொர்னெயின் ‘லெ சித்’ நாடகத்தைச் சுற்றி எழுந்த சண்டை அதைப் பற்றியதுதான். ‘கவிதைக் கலை’ வந்தபோது கொர்னெய் தம் கடைசி நாடகத்தை எட்டியிருந்தார், மொலியேர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது, ரசீன் பெரும்பாலான நாடகங்களை எழுதி முடித்திருந்தார். எனவே இந்த நூலைப் படித்துவிட்டு அவர்கள் எழுதினார்கள் என்பது தலைகீழ் வரலாறு. அவர்கள் எழுதியதைப் பார்த்து, ரோமக் கவிஞர் ஹொராசின் இலத்தீன் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புவாலோ எழுதினார்.

அப்படியானால் அதில் என்ன மிச்சம்? முதல் காண்டம் மிச்சம். “நன்றாகச் சிந்தித்தது தெளிவாக வெளிப்படும், அதைச் சொல்லும் சொற்கள் எளிதில் வந்துசேரும்” என்ற அடிகள் பிரெஞ்சுப் பேச்சில் பழமொழியாகவே ஆகிவிட்டன. “இருபது முறை உன் படைப்பைத் தறியில் ஏற்று; ஓயாமல் மெருகிடு, மீண்டும் மெருகிடு; சில நேரம் சேர், பல நேரம் அழி” என்பதும் அப்படியே. அந்தக் காண்டத்தின் கடைசி அடியும் அவருடையதே: “ஒரு மூடன் தன்னை வியக்க இன்னும் பெரிய மூடனை எப்போதும் கண்டுபிடித்துவிடுகிறான்.”

எழுதக் கற்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பயிற்சி எனக்குத் தெரியாது. அழிக்கச் சொன்னவர் தாமும் அழித்தார் என்பதற்கு அவர் எழுதியவற்றின் அளவே சாட்சி.

முந்தைய நூற்றாண்டுக் கவிஞர் ரொன்சாரைப் பிரெஞ்சில் கிரேக்கமும் இலத்தீனும் பேசியவர் என்று ஒதுக்கி, “கடைசியில் மலேர்ப் வந்தார்” என்று அவருக்குப் பின்வந்த கவிஞரை வைத்துக் கவிதையின் புதிய காலத்துக்கு நாள் குறித்ததும் இந்நூலில்தான். அதில் அவர் தவறினார். 1828இல் திறனாய்வாளர் சேன்த்-பெவ் ரொன்சாரை மீட்டெடுத்தார். இன்று மலேர்பைவிட ரொன்சாரையே மக்கள் விரும்பிப் படிக்கிறார்கள்.

லா ஃபொன்தேனை ஏன் குறிப்பிடவே இல்லை?

‘கவிதைக் கலை’ பல்வேறு சிறு வடிவங்களைப் பட்டியலிடுகிறது. நீதிக்கதைக்கு மட்டும் இடமில்லை. லா ஃபொன்தேனின் நீதிக்கதைகளில் முதல் ஆறு பகுதிகள் 1668இலேயே வந்து புகழ்பெற்றிருந்தன. இந்த விடுபடலுக்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இது அந்நூலின் ஓட்டை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விதிகள் பேசியவர் லாஞ்சைனஸை ஏன் மொழிபெயர்த்தார்?

புவாலோவைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் சரியான வாசல். லாஞ்சைனஸ் எழுதியதாகக் கருதப்பட்ட ‘உன்னதம்’ பற்றிய கிரேக்க நூலை அவர் ‘கவிதைக் கலை’ வந்த அதே 1674ஆம் ஆண்டுத் தொகுப்பில் பிரெஞ்சில் கொடுத்தார். எந்த விதியாலும் பிடிக்க முடியாத, கேட்பவனை அப்படியே தூக்கிச் செல்லும் ஆற்றலைப் பற்றிய நூல் அது. ஒரே அட்டைக்குள் ஒருபக்கம் விதிகள், மறுபக்கம் விதிக்கு அப்பாற்பட்டது.

உன்னதம் என்றால் ஆடம்பர நடை என்று பலர் நினைத்தார்கள். முன்னுரையில் அவர் அதைப் பிடுங்கி எறிகிறார். விவிலியத்தின் தொடக்கத்தில் கடவுள் ஒளி உண்டாகட்டும் என்றார், ஒளி உண்டாயிற்று என்ற வாக்கியத்தைக் காட்டுகிறார். அலங்காரம் ஏதும் இல்லை, அதனால்தான் உன்னதம். 1701ஆம் ஆண்டுப் பதிப்பில் கொர்னெயின் ‘ஒராஸ்’ நாடகத்திலிருந்து இன்னோர் எடுத்துக்காட்டைச் சேர்த்தார். மகன் போர்க்களத்தை விட்டு ஓடிவிட்டான் என்று கிழவருக்குச் செய்தி வருகிறது. “மூவருக்கு எதிரே தனி ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். “செத்திருக்க வேண்டும்” என்கிறார் தந்தை. சாதாரணச் சொல்தான், ஆனால் அந்த இடத்தில் அதற்கு ஈடு இல்லை.

இதை வாசிக்கும்போது பிரம்பு பிடித்த ஆசிரியர் மறைந்துபோகிறார். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா முழுவதும் உன்னதத்தைப் பற்றி எழுதித் தள்ளியதற்கு இந்த மொழிபெயர்ப்பு ஒரு பெரிய தூண்டுகோல்.

‘வாசக மேடை’ எதைப் பற்றியது?

பாரிஸின் சேன்த் ஷாபெல் தேவாலயத்தில் 1667இல் நடந்த ஒரு சண்டை. பாட்டுப்புத்தகம் வைக்கும் பெரிய மர மேடையொன்றைப் பாடகர் குழுத் தலைவரின் இருக்கைக்கு நேர் எதிரே, அவர் முகம் மறையும்படி, தேவாலயப் பொருளாளர் வைக்கச் செய்தார். தலைவர் அதை அகற்றினார். வழக்கு முற்றியது. பார்லமானின் தலைமை நீதிபதி லமுவாஞோன் இருவரையும் சமாதானப்படுத்தினார். இத்தனை அற்பமான விஷயத்தில் காப்பியம் எழுத முடியுமா என்று அவர் சவால் விட, புவாலோ எழுதினார்.

முதல் நான்கு காண்டங்கள் 1674இலும் கடைசி இரண்டு 1683இலும் வந்தன. வீரகாவிய நடையில், கொழுத்த பாதிரியார்களின் தூக்கமும் சாப்பாடும் கோபமும். ஐந்தாம் காண்டத்தில் இரு தரப்பும் பார்பேனின் புத்தகக் கடைக்குள் புகுந்து, தடித்த நூல்களை ஒருவர் மேல் ஒருவர் வீசி அடித்துக்கொள்கிறார்கள். படிக்கவே முடியாத கனமான புத்தகங்களுக்குக் கடைசியில் ஒரு பயன் கிடைக்கிறது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு இந்தப் படைப்பு வழிகாட்டியாக இருந்தது.

மொலியேர், ரசீன், லா ஃபொன்தேன், புவாலோ நால்வரும் இணைபிரியா நண்பர்களா?

அழகான கதை, ஆனால் நால்வரும் ஒன்றாகத் திரிந்தார்கள் என்பது மிகை. ரசீன் 1665இல் தம் நாடகத்தை மொலியேரின் குழுவிடமிருந்து எடுத்துப் போட்டிக் குழுவுக்குக் கொடுத்தபின் அவர்கள் இருவருக்கும் பேச்சே இல்லை.

புவாலோவுக்கும் ரசீனுக்கும் இருந்த நட்பு வேறு. 1677 சனவரியில் ரசீனின் ‘ஃபெத்ர்’ மேடையேறியபோது, எதிரிகள் பிராதோன் என்பவரின் போட்டி நாடகத்தை ஊதிப் பெருக்கினார்கள். மனம் உடைந்த ரசீனுக்குப் புவாலோ ஏழாம் மடலை எழுதினார். பகைவர்கள் இருப்பது உனக்கு நல்லது, அவர்களுடைய வெறுப்புதான் என்னையும் திருத்தியது என்கிறார். பிறகு மொலியேரை நினைவுகூர்கிறார். 1673இல் இறந்த மொலியேர் நடிகராக இருந்ததால் திருச்சபை முறையான அடக்கத்தை மறுத்தது. மன்றாடித்தான் இரவில் புதைத்தார்கள். “கெஞ்சிப் பெற்ற ஒரு பிடி மண்” அவரை மூடும்வரை, இன்று போற்றும் அதே நாடகங்களை மூடர்கள் எப்படித் தூற்றினார்கள் என்று எழுதுகிறார். மொலியேர் இறந்து நான்கே ஆண்டு; திருச்சபைக்கு இது இனிக்காது என்று தெரிந்தே எழுதியது. அவர் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

அரசரோடு உறவு எப்படி?

நெருக்கமானது. 2000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) ஓய்வூதியம் கிடைத்தது. 1677இல் அவரையும் ரசீனையும் அரச வரலாற்றாசிரியர்களாக நியமித்தார்கள். இரு கவிஞர்களும் படையோடு போர்முனைக்குப் போக வேண்டியிருந்தது. அவர்கள் திரட்டிய வரலாற்றுக் கைப்பிரதிகளில் பெரும்பகுதி 1726இல் ஒரு வீட்டில் பற்றிய தீயில் அழிந்தது. 1684இல் அரசரின் விருப்பத்தால் அகாதெமிக்குள் நுழைந்தார். அவரால் அங்கதம் பாடப்பட்ட பலர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

1672இல் படைகள் ரைன் நதியைக் கடந்ததைப் பாடும் நான்காம் மடல் அசல் முகத்துதி. அதை நான் காக்கப் போவதில்லை.

பழையவர்–புதியவர் சண்டை என்பது என்ன?

1687 சனவரி 27. அறுவை சிகிச்சையிலிருந்து அரசர் தேறியதைக் கொண்டாட அகாதெமி கூடியது. எழுத்தாளர் ஷார்ல் பெரோ ‘மகா லூயியின் நூற்றாண்டு’ என்ற கவிதையை வாசித்தார். ஹோமர், பிளேட்டோ ஆகியோரைவிட நம் காலத்தவர் மேல் என்பது அதன் சாரம். புவாலோ உட்கார முடியாமல் தவித்து, எழுந்து, இது அவமானம் என்று கத்திவிட்டார். சண்டை ஏழு ஆண்டு நீடித்தது. பெரோ ‘ஒப்பீடுகள்’ எழுதினார். புவாலோ 1694இல் லாஞ்சைனஸை முன்வைத்து ‘திறனாய்வுச் சிந்தனைகள்’ எழுதி, பெரோவின் கிரேக்கப் பிழைகளை வரிவரியாகப் பிரித்தார்.

அதில் ஏழாம் சிந்தனை முக்கியமானது. சமகாலத்தவர் புகழ்ச்சிக்கு மதிப்பில்லை, நீண்ட காலம் பல தலைமுறை படித்து ஒப்பியதே தேர்ந்தது என்கிறார். உயிரோடிருக்கும் ரசீனையும் பத்தாண்டுக்கு முன் இறந்த கொர்னெயையும்கூட இந்த அளவுகோலுக்கு விலக்காக்கவில்லை. ரொன்சார் விழுந்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார். காலம் அந்தத் தீர்ப்பையே பின்னாளில் மாற்றியது.

1694இல் முதிய இறையியலாளர் அந்துவான் ஆர்னோ நாடு கடந்திருந்த இடத்திலிருந்து தலையிட்டுச் சமரசம் செய்தார். பின்னர் புவாலோ பெரோவுக்கு எழுதிய கடிதம் 1701இல் அச்சானது. துன்பியலிலும் தத்துவத்திலும் நம் நூற்றாண்டு அகஸ்டஸின் ரோமை மிஞ்சியது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். ‘சிண்ட்ரெல்லா’வை 1697இல் எழுதியவரும் இதே பெரோதான், அந்தக் குழந்தைக் கதை இந்தச் சண்டையின் இரு தரப்பு நூல்களையும்விடப் பரவலாக வாழ்கிறது.

பெண்களைப் பற்றிய பத்தாம் அங்கதம்?

1694இல் வந்தது. திருமணத்தை எச்சரிக்கும் நீளமான பாடல். சூதாடுபவள், கஞ்சத்தனம் பிடித்தவள், படித்தவள், போலிப் பக்தை என்று வரிசையாக வசை. பெரோ உடனே ‘பெண்களுக்காக ஒரு வாதம்’ எழுதினார். இந்த விவாதத்தில் பெரோ பக்கமே நியாயம். தனித்தனிச் சித்திரங்கள் கூர்மையானவை, ஆனால் மொத்தமும் ரோம அங்கதக் கவிஞர் ஜூவெனலின் பழைய வெறுப்பை மறுபடி சூடாக்கியதுதான்.

கடைசிக் காலம் எப்படிக் கழிந்தது?

1685இல் பாரிஸுக்கு வெளியே ஓத்தெய் கிராமத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கினார். அந்துவான் என்ற தோட்டக்காரருக்கு மடல் ஒன்றே எழுதியிருக்கிறார்: மரத்தடியில் நடந்தபடி தனியே முணுமுணுக்கும் முதலாளியைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று. 1699இல் ரசீன் இறந்தார். காது மந்தமாயிற்று, வீட்டை விற்றார். இயேசு சபையினரைச் சீண்டிய பன்னிரண்டாம் அங்கதத்தை 1705இல் எழுதினார். அரசர் அதை அச்சிட அனுமதிக்கவில்லை. அதை நீக்கித் தொகுப்பை வெளியிட அவருக்கு மனமில்லை. இறக்கும்வரை அது அச்சேறவில்லை.

இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம். “இவருக்கு இத்தனை நண்பர்களா? எல்லாரையும் திட்டினார் என்றல்லவா சொல்வார்கள்!” என்று ஒரு பெண் வியந்ததாக ரசீனின் மகன் லூயி எழுதியிருக்கிறார். சேன்த் ஷாபெலில் அடக்கம் செய்தார்கள். 1819இல் எச்சங்களை சேன் ழெர்மேன் தெ பிரே தேவாலயத்துக்கு மாற்றினார்கள்.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

‘கவிதைக் கலை’யிலிருந்து வேண்டாம், அது அவரை மீண்டும் பிரம்பு பிடித்தவராக்கிவிடும். பாரிஸ் தெருவின் நெரிசலையும் இரவுத் திருடர்களையும் விடியுமுன் கூவும் சேவலையும் பாடும் ஆறாம் அங்கதத்தில் தொடங்குங்கள். பிறகு ஒன்பதாவது, பிறகு ரசீனுக்கு எழுதிய ஏழாம் மடல், லாஞ்சைனஸ் முன்னுரை. பிரெஞ்சு தெரிந்தவர்கள் வாய்விட்டுப் படியுங்கள். அடி நடுவில் ஆறாம் அசைக்குப் பின் வரும் நிறுத்தம் காதில் விழ வேண்டும். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் ‘வாசக மேடை’யை முன்னால் எடுத்துக்கொள்ளலாம். யாப்பின் ஓசை போனாலும் அதில் சண்டை மிஞ்சும்.